எதிலிருந்து குறைந்தது? – நகரக் காற்றின் அளவும் ஐந்தாம் வேற்றுமையும்



இந்த உரை வரிசையில் இலக்கணம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். லண்டன் நகரத்துக் காற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் ஏற்பாட்டாளர் சற்றே தயங்கினார். காற்றை அளப்பவருக்கும் அந்த அளவைச் செய்தியாகப் படிப்பவருக்கும் இடையே நிற்பது ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் பழுதுபட்டால் அளவும் பழுதுபடும். ஆகவே இதுவும் இலக்கண உரைதான்.

ஒரு மூதாட்டியின் கேள்வி

2022ஆம் ஆண்டுக் கோடையில் என் மகளின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதி. தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த இடம். அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய மூதாட்டியார் ஒருவர் இருந்தார். ஒருநாள் மாலை அவர் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அதை வெளியிட்டவர் யார் என்பது நமக்குத் தேவையில்லை. தமிழில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார்கள் என்பதே பாராட்டுக்குரியது. புதிய உமிழ்வுக் கட்டுப்பாட்டால் காற்று மாசு கணிசமாகக் குறைந்துள்ளது என்பது அதன் சாரம்.

மூதாட்டியார் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: “மகன் வேனை வித்தாச்சு, தம்பி. பேரனுக்கு இழுப்பு நிண்டபாடில்லை. குறைஞ்சதெண்டு எழுதியிருக்கு. எதில இருந்து குறைஞ்சது?”

அவருடைய மகன் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர். பழைய டீசல் வேனை ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு செலுத்த வேண்டும். அதனால் விற்றுவிட்டார். பேரனுக்கு ஆஸ்துமா. ஒரு குடும்பம் தன் வருவாயில் ஒரு பகுதியை இழந்திருக்கிறது. அதன் பயன் என்ன என்று கேட்கிறது. மொழியியல் படித்த எனக்கு அன்று உடனே விடை சொல்ல இயலவில்லை. துண்டறிக்கையில் விடை இல்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இவ்வுரை.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்காணித்தல்

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடின. ஏறத்தாழ 4,000 பேர் உயிரிழந்ததாக அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அன்றைய மாசு கண்ணுக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்குத் தெரிந்தது.

இன்றைய மாசு அத்தகையதன்று. டீசல் வண்டிகள் மிகுதியாக வெளிவிடும் நைட்ரஜன் டைஆக்சைடு, சாலையில் காணப்படும் அளவில், கண்ணுக்குத் தெரிவதில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் தலைமுடியின் பருமனில் பல பத்தில் ஒரு பங்கே உடையது. வானம் நீலமாக இருக்கும் நாளிலும் காற்று கெட்டிருக்கலாம். ஆகவே கருவியின் சொல்லை நம்பியே நாம் வாழ வேண்டியுள்ளது.

இவ்வாறு அளப்பதைத் தமிழில் கண்காணிப்பு என்கிறோம். இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய நினைவு உண்டு. கண்காணி என்பதே தோட்டப்புறத்தில் கங்காணி ஆயிற்று. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டனார், விடியற்காலைப் பெரட்டில் கங்காணி ஆள் கணக்கு எடுப்பதைப் பற்றிச் சொல்வார். எத்தனை பேர் வந்தார்கள் என்று கங்காணி எண்ணுவார். எத்தனை பேர் காய்ச்சலோடு வந்தார்கள் என்று எண்ணமாட்டார். எண்ணுபவர் எதை எண்ணுகிறார், எதை எண்ணாமல் விடுகிறார் என்று கேட்க வேண்டும் என்பதை நான் முதலில் கற்றது அவரிடம்தான்.

இனி மண்டலத்திற்கு வருவோம். நெரிசலைக் குறைக்கச் சாலைக் கட்டணம் வாங்கும் வழக்கத்தில் சிங்கப்பூர் முன்னோடி. இங்கு 1975இலேயே அது தொடங்கிவிட்டது. லண்டன் 2003இல் நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2008இல் கனரக டீசல் வண்டிகளுக்குக் குறை உமிழ்வு மண்டலத்தை அமைத்தது. பின்னர் 2019 ஏப்ரல் 8இல் நகர மையத்தில் மிகக் குறை உமிழ்வு மண்டலம் தொடங்கியது. அதைச் சுருக்கி யூலெஸ் என்பார்கள். 2021 அக்டோபர் 25இல் அது வட, தென் வட்டச் சாலைகள் வரை விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29இல் லண்டனின் எல்லாப் பகுதிகளையும் தழுவியது. பொதுவாகப் பெட்ரோல் கார்கள் யூரோ 4 தரத்தையும், டீசல் கார்கள் யூரோ 6 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். எட்டாதவை கட்டணம் செலுத்த வேண்டும்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். சாலையோரத்தில் நிற்கும் மண்டலக் கேமரா காற்றை அளப்பதில்லை. அது வண்டியின் எண் பலகையைப் படித்து, அவ்வண்டி எந்தத் தரத்தில் பதிவாகியுள்ளது என்று பார்க்கிறது. காற்றை அளப்பவை வேறு கருவிகள். கேமராவுக்குத் தெரிவது வண்டியின் சான்றிதழ். நாம் மூச்சிழுக்கும் காற்று அதற்குத் தெரியாது. கேமராவின் கணக்கு சரியாக இருக்க, காற்று தூய்மையடையாமலும் இருக்கலாம். இந்த இடைவெளியில்தான் கண்காணிப்பின் தேவை பிறக்கிறது.

நான்கு பொருள்கள்

ஐந்தாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் ‘இன்’ உருபைக் கூறும். நன்னூல் ‘இல்’, ‘இன்’ இரண்டையும் கூறி, அவற்றிற்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை வகுக்கும். கிளையின் உதிர்ந்த இலை என்றால் நீங்கல். தேனின் இனிய சொல் என்றால் ஒப்பு. ஆற்றின் தெற்கே ஊர் என்றால் எல்லை. உழைப்பின் உயர்ந்தான் என்றால் ஏது. ஒரே உருபு நான்கு வேலைகளைச் செய்கிறது. இக்காலத் தமிழில் ‘இருந்து’, ‘விட’, ‘ஆல்’ முதலியவை அந்த வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

“எதில இருந்து குறைஞ்சது?” என்று மூதாட்டியார் கேட்டபோது, அந்த நான்கு பொருள்களையும் சேர்த்தே கேட்டார் என்று பின்னர்தான் எனக்கு விளங்கியது. காற்றின் அளவைச் சொல்லும் எந்த வாக்கியத்திடமும் அந்த நான்கையும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நீங்கல்: மாசு எங்கிருந்து வருகிறது?

லண்டன் சாலையோரத்து நைட்ரஜன் டைஆக்சைடின் பெரும்பகுதி அங்கே ஓடும் வண்டிகளிலிருந்து நீங்கி வருவது. வண்டிகள் மாறினால் அதுவும் மாறும். நுண்துகளின் கதை வேறு. அதில் கணிசமான பங்கு நகருக்கு வெளியிலிருந்து காற்றோடு வருகிறது. விறகடுப்பு, கட்டுமானம், சமையல் ஆகியவற்றிலிருந்தும் வருகிறது. வண்டியிலிருந்து வருவதிலும் ஒரு பகுதி புகைக்குழாயிலிருந்து வருவதன்று. பிரேக்கும் டயரும் சாலையும் தேய்வதால் எழுவது. மின்சார வண்டிக்கும் டயர் உண்டு.

ஆகவே, ‘காற்று மாசு குறைந்தது’ என்னும் வாக்கியத்தில் ‘காற்று மாசு’ என்பது ஒருமையா பன்மையா என்று நாம் கேட்க வேண்டும். இலக்கணப்படி ஒருமை; உண்மையில் பன்மை. ஒன்று வெகுவாகக் குறைந்திருக்க, மற்றொன்று சற்றே குறைந்திருக்கலாம். மண்டலத்தின் பயன் நைட்ரஜன் டைஆக்சைடில் தெளிவாகவும் நுண்துகளில் மங்கலாகவும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

ஒப்பு: எதனோடு ஒப்பிடுகிறோம்?

நான்கனுள் இதுவே மிகுந்த பூசலுக்கு இடமானது. 2020ஆம் ஆண்டு லண்டன் மேயர் அலுவலகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மைய மண்டலத்தின் சாலையோரத்தில் நைட்ரஜன் டைஆக்சைடு 44 விழுக்காடு குறைந்ததாக அது கூறியது. 2021இல் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, மண்டலம் தொடங்கியதையொட்டி ஏற்பட்ட குறைவு 3 விழுக்காட்டுக்கும் கீழே என்றது. ஒரே நகரம், ஒரே வாயு. ஆயினும் ஒன்று 44, மற்றொன்று 3க்கும் குறைவு. பொய் சொன்னவர் யார் என்று செய்தித்தாள்கள் கேட்டன.

எவரும் பொய் சொல்லவில்லை. முதல் எண் 2017 பிப்ரவரியைத் தொடக்கமாகக் கொண்டது. இரண்டாவது எண் 2019 ஏப்ரல் 8ஐ ஒட்டிய சில வாரங்களை மட்டும் பார்த்தது. மண்டலம் வரப்போகிறது என்று அறிந்தவுடனே மக்கள் வண்டிகளை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் மையப் பகுதியில் ஓடிய வண்டிகளில் 39 விழுக்காடு தரத்தை எட்டியிருந்தன. 2019 மார்ச்சில், அதாவது கட்டணம் தொடங்கும் முன்பே, அது 61 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இந்த மாற்றத்தை மண்டலத்தின் பயனாகக் கொள்பவருக்கு எண் பெரிதாகும். தொடங்கிய நாளை மட்டும் பார்ப்பவருக்குச் சிறிதாகும். மறுபுறம், 2017க்குப் பின் நேர்ந்த எல்லா மாற்றத்தையும் மண்டலத்தின் கணக்கில் எழுதுவதும் முறையன்று. மண்டலம் இல்லாவிடினும் பழைய வண்டிகள் சில கழிந்திருக்கும். பேருந்துகள் சில மாறியிருக்கும்.

இதனால்தான் பிற்கால அறிக்கைகள் மற்றோர் ஒப்பீட்டை முன்வைக்கின்றன. 2023இல் வந்த அறிக்கை, மண்டலமே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட நைட்ரஜன் டைஆக்சைடு நகர மையத்தில் 46 விழுக்காடும், உள் லண்டனில் 21 விழுக்காடும் குறைவு என்று மதிப்பிட்டது. ‘இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய’ என்னும் தொடரைக் கவனியுங்கள். அந்த அளவை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அளக்கவும் இயலாது, அது நடவாத ஒன்று. வானிலையையும் பிற பகுதிகளின் போக்கையும் கொண்டு கணித்துப் பெறுவது. கணிப்பது தவறில்லை, மழையும் காற்றும் ஆண்டுக்காண்டு மாறும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் ‘முன்பைவிடக் குறைந்தது’ என்பதும் ‘இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிடக் குறைவு’ என்பதும் வேறு வேறு கூற்றுகள். தமிழில் இரண்டையும் தெளிவாகச் சொல்ல முடியும். வாக்கியம் நீளும் என்று அஞ்சி ‘குறைந்துள்ளது’ என்று முடித்துவிடுகிறோம். நான் கண்ட துண்டறிக்கையின் குறை அதுவே.

நம் வீட்டுக் கணக்கிலும் இது உண்டு. 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் புகைமூட்டத்தின்போது தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. அது 3 மணிநேரக் குறியீடு. அன்று நுண்துகளான பிஎம் 2.5 அக்குறியீட்டில் சேர்க்கப்படவில்லை, தனியாகவே அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரல் முதல்தான் அது சேர்க்கப்பட்டது. ஆகவே அன்றைய 401ஐயும் இன்றைய குறியீட்டையும் அருகருகே வைத்து, இது அதைவிடக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பெயர் ஒன்று, பொருள் மாறிவிட்டது. சொற்பொருள் மாற்றம் என்று நாங்கள் மொழியியலில் கற்பிப்பதும் இதைத்தான்.

எல்லை: எங்கே நின்று அளந்தோம்?

லண்டனில் மெரிலிபோன் சாலையின் விளிம்பிலேயே ஒரு நிலையம் உண்டு. பூங்காக்களையும் குடியிருப்புகளையும் ஒட்டி வேறு நிலையங்கள் உண்டு. சாலையை விட்டு விலக விலக நைட்ரஜன் டைஆக்சைடு விரைந்து குறையும். எனவே, எந்த நிலையங்களின் சராசரி என்பதைச் சொல்லாமல் நகரத்தின் சராசரியைச் சொல்வது, யாருடைய காற்று என்பதைச் சொல்லாமல் விடுவதாகும்.

கருவிகளும் ஒரே தன்மையன அல்ல. நிலையத்துக் கருவி காற்றை உள்ளிழுத்து ஓசோனுடன் கலக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு சேரும்போது எழும் ஒளியை அளக்கிறது. பின்னர் நைட்ரஜன் டைஆக்சைடையும் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி மீண்டும் அளந்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழிக்கிறது. ஆக, நாம் நேரடி அளவு என்று எண்ணுவதே ஒரு கழித்தல் கணக்கு. விளக்குக் கம்பங்களில் விரல் நீளத்தில் சிறிய பிளாஸ்டிக் குழாய்கள் கட்டப்பட்டிருப்பதை லண்டனில் காணலாம். வேதிப்பொருள் பூசிய வலை அதனுள் இருக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் தொங்கியபின் ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதிப்பார்கள். விலை மலிவு; பல இடங்களில் வைக்கலாம். ஆனால் மாதச் சராசரியை மட்டுமே தரும். பள்ளி விடும் நேரத்தில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. அண்மையில் பரவிவரும் சிறு மின்னணு உணர்கருவிகள் நிமிடந்தோறும் சொல்லும். ஆயினும் ஈரப்பதமும் வெப்பமும் அவற்றைக் குழப்பும். நிலையக் கருவியின் அருகே வைத்து ஒத்துப்பார்த்துத் திருத்திய பிறகே அவற்றை நம்பலாம்.

காலத்திற்கும் எல்லை உண்டு. அங்குள்ள சட்டப்படி, நைட்ரஜன் டைஆக்சைடு ஒரு மணிநேரச் சராசரியில் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராமை ஓராண்டில் 18 முறைக்கு மேல் தாண்டக் கூடாது. 2017இல் பிரிக்ஸ்டன் சாலை அந்த ஓராண்டுக் கணக்கை ஜனவரி முதல் 5 நாள்களிலேயே தீர்த்துவிட்டது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்த 5 நாள்கள் தெரிந்திருக்கமாட்டா.

ஏது: எதனால்?

லண்டனின் லூயிஷம் பகுதியில், தென் வட்டச் சாலையின் அருகே வாழ்ந்தவர் எல்லா அடூ-கிசி-டெப்ரா என்னும் சிறுமி. கடும் ஆஸ்துமாவால் 2013 பிப்ரவரியில், 9ஆம் வயதில் இறந்தார். அவர் தாயார் ஓயாது போராடியதால் இரண்டாம் முறை மரண விசாரணை நடந்தது. அதற்கு ஆதாரமானவற்றுள் ஒன்று, வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த கண்காணிப்பு நிலையம் பல ஆண்டுகளாகப் பதிந்துவைத்த அளவுகள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அம்மரணத்திற்குப் பங்களித்த காரணம் என்று பதிவு செய்தார்.

யாரும் அந்தச் சிறுமிக்காக அந்நிலையத்தை நிறுவவில்லை. மணிதோறும் எண்களைக் குறித்து வைப்பது அன்று எவருக்கும் பெரிதாகப் பட்டிருக்காது. ஆனால் அந்தப் பதிவுகள் இல்லாதிருந்தால் ‘ஆல்’ என்னும் உருபை அந்தத் தாய் எதைக் காட்டிச் சேர்த்திருப்பார்? காற்று மாசால் என்று சொல்வதற்கு, ஆண்டுக்கணக்கில் யாரோ பொறுமையாக அளந்திருக்க வேண்டும்.

ஏதுவைத் தவறாக எண்ணியதற்கும் சான்று உண்டு. யூரோ தரங்கள் கடுமையாக ஆக, டீசல் கார்களின் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும் என்று அரசுகள் நம்பின. சோதனைக்கூடத்தில் குறைந்தன, சாலையில் அவ்வாறு குறையவில்லை. சோதனையை ஏமாற்றும் மென்பொருளை ஒரு பெரிய கார் நிறுவனம் பொருத்தியிருந்தது 2015இல் அம்பலமாயிற்று. சான்றிதழைச் சாலையோரக் காற்று பொய்யாக்கியது.

வகுப்பறைக்கு

ஆசிரியப் பெருமக்களே, இதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர இயலும். கீழ்க்காணும் தொடர்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். ‘மாசு 20 விழுக்காடு குறைந்தது.’ ‘மாசு 20 விழுக்காடாகக் குறைந்தது.’ ‘ஆக’ என்னும் சிறு சொல் சேர்ந்ததால் 80 பங்கு எஞ்சிய இடத்தில் 20 பங்கே எஞ்சுகிறது. இனி, ‘மாசு குறைந்தது 20 விழுக்காடு’ என்று எழுதுங்கள். குறைந்த அளவு 20 விழுக்காடா? மாசின் அளவே குறைந்தபட்சம் 20 விழுக்காடா? மாணவர்கள் வாதிடட்டும். இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அப்போது உணர்வார்கள்.

மொழிபெயர்ப்புத் துறைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் வரும் வாக்கியத்தை எளிமையாக்குகிறேன் என்று ஒப்புப் பொருளை வெட்டிவிடாதீர்கள். மூலத்தில் அது இல்லையென்றால் மூலம் எழுதியவரிடம் கேளுங்கள். அதைக் கேட்பதற்குத் துறையறிவு வேண்டும் என்பதில்லை. ஐந்தாம் வேற்றுமை தெரிந்தால் போதும்.

அந்த மூதாட்டியாருக்கு ஊர் திரும்பும் முன் நான் சொன்ன விடை இதுதான்: “அம்மா, சாலையோரத்து நைட்ரஜன் டைஆக்சைடு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு இந்தக் கட்டணத்தால். நுண்துகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் சாலை இன்னும் அதற்கு மேல்தான் இருக்கும். பேரனைப் பள்ளிக்குப் பெரிய சாலை வழியாகக் கூட்டிச் செல்லாமல் உள்தெரு வழியாகக் கூட்டிச் செல்லுங்கள்.”

அவர் சற்று நேரம் யோசித்தார். “இதை அந்தத் தாளில எழுதியிருக்கலாமே” என்றார்.

எழுதியிருக்கலாம். கூடுதலாக நான்கு வரிகள் வேண்டியிருக்கும். வேனை விற்றவருக்கு அந்த நான்கு வரிகள் உரியவை. அவற்றைத் தமிழில் எழுதும் பொறுப்பு, இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலரைச் சாரும் என்று நம்புகிறேன்.